நிலக்கரிப் புகையும் நெல் மகசூலும்

மழையும் வெயிலும் மனித யத்தனத்திற்கு அப்பாற்பட்டவை என்பது குடியானவர்களின் நெடுநாளைய எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதற்கு நிலக்கரியின் சரித்திரமே சாட்சியாகும்.

1712-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் தாமஸ் நியூகோமன் என்பவர், கரிச் சுரங்கங்களில் ஊறும் ஜலத்தை இறைப்பதற்கு ஒரு நீராவி யந்திரத்தை நிறுவினார். பின்னர் ஜேம்ஸ் வாட் அதைத் திருத்தி, குறைந்த கரியில் அதிக வேலை வாங்கும் முறைக்கு 1769-ல் உரிமை பெற்றார். யந்திரம் ஒவ்வொன்றிற்கும் கரிச்செலவு குறைந்தது. ஆயினும் நெசவாலைகளும் இருப்புப் பாதைகளும் பெருகியபடியால் மொத்தச் செலவு பன்மடங்காயிற்று.

நிலக்கரியாவது, பூர்வகாலத்துத் தாவரங்கள் ஆகாயத்திலிருந்து கிரகித்த கரிச்சத்து கோடிக்கணக்கான வருஷங்கள் பூமியில் புதையுண்டு கிடப்பதேயாம். எரிக்குங்கால் அது கரியமிலவாயுவாகி மீண்டும் ஆகாயத்தை அடைகிறது. இவ்வாயு சூரிய வெளிச்சத்தை உள்ளே விடும். பூமியினின்று எழும் உஷ்ணத்தையோ பிடித்து நிறுத்தும். அது உஷ்ணத்தைக் கிரகிப்பதை 1859-ல் ஜான் டிண்டால் என்பவர் பரீட்சை செய்து கண்டார்.

1938-ல் கை காலண்டர் என்னும் ஆங்கில எஞ்சினீயர், பல தேசங்களின் வானிலை நிலையங்களில் குறித்து வைத்த உஷ்ணக் கணக்குகளைத் திரட்டி, பூமியில் சூடு ஏறி வருகிறதென்றும் எரித்த கரியும் அதற்குக் காரணமென்றும் வெளியிட்டார். ஆயினும் இது நன்மையே என்றும், குளிர்ந்த வடதேசங்களில் சாகுபடி விரியுமென்றும் அவர் எண்ணினார்.

நெல் விளையும் தேசங்களுக்கு அவ்வெண்ணம் பொருந்தவில்லை. பிலிப்பைன்ஸ் தீவுகளிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1979 முதல் 2003 வரை எழுதி வந்த உஷ்ணக் கணக்கையும், அங்கு விளைந்த மகசூலையும் ஒப்பிட்டு 2004-ல் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. மழையில்லாப் போகத்தில் இரவின் உஷ்ணம் 1 டிகிரி சென்டிகிரேடு ஏறுந்தோறும் மகசூல் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்தது என்பதே அம்முடிவு. பகலில் சேர்த்த சத்தைப் பயிர் வெப்பமான இரவில் சுவாசத்தால் கூடுதலாகச் செலவிடுவது இதற்கு ஒரு காரணமெனக் கருதப்படுகிறது.

யந்திரயுகத்திற்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த கரியமிலவாயு, 2024-ல் 420 பங்கைக் கடந்துவிட்டது.

ஆகையால் கிராம அதிகாரிகள் மழையளவோடு இரவின் குறைந்த உஷ்ணத்தையும், கதிர் பூக்கும் தேதியையும் வருஷந்தோறும் குறித்து வருதல் நலம். பூக்கும் நாட்கள் கடும் வெப்பத்தில் அகப்படாதபடி நாற்றுவிடும் காலத்தை மாற்றிக்கொள்ள அக்கணக்கே நிலச்சொந்தக்காரர்களுக்கு வழிகாட்டும். காலண்டர் கண்ட உண்மைக்கும் ஆதாரமாயிருந்தவை, எங்கெங்கோ எவரெவரோ நாள் தவறாமல் எழுதி வைத்த இத்தகைய கணக்குகளே.