சிபில் தார்ண்டைக் அம்மையார்

கற்ற கலை கைநழுவினால் மனமொடிந்து போவோர் பலர். அவ்விழப்பையே வாயிலாகக் கொண்டு வேறொரு கலையிற் சிறந்தவர் ஆங்கில நடிகையார் சிபில் தார்ண்டைக்.

1882ஆம் ஆண்டு கெய்ன்ஸ்பரோ நகரிற் சமயகுரு ஒருவரின் மகளாகப் பிறந்த அவர், முதலிற் பியானோ இசையே பயின்றார். மணிக்கட்டில் ஏற்பட்ட நோவு அதற்குத் தடையாயிற்று. நடிப்புப் பயின்று 1904இல் மேடையேறினார். தம்பி ரஸ்ஸலும் நடிகர், நாவலாசிரியருங்கூட. 1908இல் நடிகர் லூயிஸ் காசனை மணந்தார். பிள்ளைகள் நால்வரும் மேடை கண்டவர்களே.

பெர்னார்ட் ஷா அம்மையாரை மனத்திற்கொண்டு எழுதிய ‘செயின்ட் ஜோன்’ நாடகத்தில், 1924இல் லண்டன் மேடையில் அவர் தோன்றினார். ஏறத்தாழப் பத்தொன்பது வயதில் எரியூட்டப்பெற்ற பிரெஞ்சு வீரமங்கை ஜோன். அவளாக நடித்தவருக்கோ வயது 41. நான்கு மக்களின் தாய்! 1931இல் ‘டேம்’ பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அம்மையாரும் கணவரும் ‘ஓல்ட் விக்’ நாடகக் குழுவினருடன் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குச் சென்றனர். பாட்டாளி மக்களுக்கு எளிய வேடிக்கையே போதுமென அவர்கள் எண்ணினாரல்லர். ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’, பண்டைக் கிரேக்க நாடகமாகிய ‘மெடியா’ ஆகியவற்றையே அங்கு நடித்தனர்.

1957இல் வெளிவந்த திரைப்படமொன்றில் மர்லின் மன்றோவுடன் நடித்தார். 1976இல் மறைந்த அவருடைய அஸ்தி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் வைக்கப்பட்டது. உயர்ந்த கலை உழைப்பவர்க்கும் உரியது என்பதை நடந்து காட்டியதே அவர்தம் பெரும்புகழ்.