கராத்தே மாஸ்டர் மாறினால் பிள்ளையை நிறுத்த வேண்டுமா?

மாஸ்டர் மாறிவிட்டார், வகுப்பு நேரமும் மாறிவிட்டது என்றதும் பிள்ளையைக் கராத்தேயிலிருந்து நிறுத்திவிடும் பெற்றோர் நம்மில் உண்டு. பாதியில் நின்ற பயிற்சியைப் பிள்ளைகள் மறுபடி தொடங்குவது அரிது. ஆகவே, முடிவெடுக்கும் முன் மூன்று விஷயங்களை விசாரிக்குமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, புதிய மாஸ்டர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர்? கராத்தேயில் பல பிரிவுகள் உள்ளன. ஷோட்டோகானில் தொடக்க மாணவர்கள் ஹெயான் எனப்படும் ஐந்து கட்டாக்களைக் கற்பார்கள். கோஜு-ரியூவில் கெகிசாய் கட்டாவைக் கற்பார்கள். பிரிவு மாறினால், பிள்ளை ஏற்கெனவே வாங்கிய பெல்ட் செல்லுமா என்று கேளுங்கள். பழைய சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டாவது, பெண் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருபவர் யார்? பெண் பயிற்சியாளர் விலகினால், அவருக்குப் பதில் இன்னொரு பெண் வருகிறாரா, பெற்றோர் அமர்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். ஹிஜாப் இதற்குத் தடையல்ல. எகிப்தின் ஹிதாயா மலாக் ஹிஜாபுடனேயே 2016 ரியோ ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ வெண்கலம் வென்றார்.

மூன்றாவது, தொழுகை நேரம். சென்னையில் சூரியன் மறைவது நவம்பரில் சுமார் 5.40 மணி, ஜூலையில் சுமார் 6.40 மணி. எனவே மாலை 6 மணி வகுப்பு நவம்பரில் மஃரிபுக்குப் பிறகு தொடங்கும். ஜூலையில் வகுப்பின் நடுவே மஃரிப் வந்துவிடும். பத்து நிமிட இடைவேளை கிடைத்தால் போதும். நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் மாஸ்டருக்கும் ஏற்பாடு செய்வது எளிது.

புதிய அட்டவணை வந்த வாரமே நேரில் போய்ப் பேசுங்கள். பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.