சத்தத்தைச் சத்தத்தால் அடக்க முடியுமா?

ஒலி அலைகள் பாடம் நடத்துகையில், "இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் கூடும்" என்றேன். "குறையவும் செய்யுமா, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "அதெப்படிக் குறையும்?" என்று உட்கார வைத்துவிட்டேன். தவறு என்னுடையது.

சில கார்களில் சாலை இரைச்சலை அதிர்வு உணரிகளும் ஒலிவாங்கிகளும் கண்டறிகின்றன. அதற்கு நேரெதிரான அலையைக் கணினி கணக்கிட, ஒலிபெருக்கி அதை வெளியிடுகிறது. ஓர் அலையின் முகடும் மற்றதன் அகடும் சேரும்போது இரைச்சல் தணிகிறது. இக்கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

ஆனால் எல்லா ஒலியும் அடங்குவதில்லை. 100 ஹெர்ட்ஸ் உறுமலின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர். பயணி தலையை அசைத்தாலும் அலைகளின் பொருத்தம் பெரிதாகக் கெடாது. 2000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கோ 17 செ.மீ.தான், சற்று நகர்ந்தாலே பொருத்தம் குலையும். எனவே இம்முறை தாழ்ந்த இரைச்சலுக்கே நன்கு பயன்படுகிறது.

மறுநாள் அந்த மாணவனிடமே இசைக்கவையைக் கொடுத்தேன். தட்டிக் காதருகே பிடித்து, காம்பை மெல்லச் சுழற்றினான். ஒரு சுற்றில் நான்கு முறை ஒலி மங்கியது. இரு புயங்களின் ஒலிகளும் அங்கே ஒன்றையொன்று தணிக்கின்றன.

"குறையுது சார்!" என்றான். "நீ கேட்டது சரியான கேள்வி" என்று வகுப்பறிய ஒப்புக்கொண்டேன்.