கத்தரிக்கோலை எடுக்குமுன்

மாரி தொடங்குமுன் பெட்டகத்தைத் திறந்து, பழஞ்சேலைகளை நிழலிற் காற்றாட விரிப்பது கரடியனாற்றிலுள்ள எமது இல்லத்தில் நெடுநாள் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு விரித்தபோது பெத்தாவின் கூறைச்சேலை கையில் அகப்பட்டது. மடிப்புக்களில் அது இற்றிருந்தது. முந்தானைச் சரிகை மட்டும் மின்னியது. வீணே கிடப்பானேன் என்றெண்ணி, அதனை வெட்டிக் கதிரைத் திண்டுகளுக்கு உறை தைத்தோம். வந்தவரெல்லாம் புகழ்ந்தனர். இரண்டு மாரி கழியுமுன் சரிகை கறுத்தது. பட்டு நார்நாராய்ப் பிரிந்தது. பெத்தாவின் கூறை எந்நிறம் என்று இன்று மகள் கேட்டால், காட்டுவதற்கு ஒரு சாண் துணியும் எம்மிடம் இல்லை.

இத்தவறு எம்மோடு தொடங்கியதன்று. ஜெர்மனியின் ஆகன் நகரில் வாழ்ந்த பிரான்ஸ் பொக் (1823–1899) என்னும் குருவானவர், ஐரோப்பாவின் பழம்பட்டுக்களையும் வெல்வெட்டுக்களையும் தேடித் திரட்டியவர். அவர் கண்டெடுத்ததால் அழியாது தப்பிய துணிகள் பல. ஆயினும் ஒரே துணியைத் துண்டுகளாக்கிப் பல காட்சிச்சாலைகளுக்கு அளித்தமையால், ‘கத்தரிக்கோல் பொக்’ என்ற பட்டப்பெயரும் அவருக்கு வாய்த்தது.

அத்துணிகளை ஏன் இவ்வளவு போற்றவேண்டும்? வெல்வெட்டுக்குப் பாவு இரண்டு. ஒன்று அடித்துணியாகும், மற்றது மெல்லிய கம்பிகளின்மீது வளையங்களாக ஏறி நிற்கும். அவ்வளையங்களை அறுத்தால் எழும் மென்மயிர்ப் பரப்பே வெல்வெட். வெனிசு நகரில் இன்றும் பழைய கைத்தறிகளில் நெய்யப்படும் பூவேலை வெல்வெட், நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓரடியே வளரும். புரோக்கேட் என்னும் பூவேலைப் பட்டிலோ, மேலதிகமாக ஊட்டும் ஊடையிழைகளால் உருவம் எழுகிறது. நமது கூறைச்சேலையின் முந்தானையும் இவ்வழியினதே. வெள்ளியைக் கம்பியாக இழுத்துத் தட்டையாக்கிப் பட்டு நூலிற் சுற்றிப் பொன்முலாம் பூசுவதே அசல் சரிகை. ஆகவே பழைய புரோக்கேட்டைப் பேணும் முறை கூறைக்கும் பொருந்தும்.

பழந்துணியால் இல்லத்தை அழகுபடுத்தலாகாதோ எனின், ஆகும், அழிக்காமற் செய்தல்வேண்டும். துணியின் பின்புறம் பருத்தித் துணியொன்றை மெல்லிய தையலாற் பிணைத்து, அதன் மேல்விளிம்பிற் கோல் நுழைத்துத் தொங்கவிடலாம். ஆணி அறைதல் கூடாது. யன்னலுக்கு எதிரே வைத்தலும் ஆகாது. வெயில் சாயத்தையும் பட்டின் வலிமையையும் ஒருங்கே உண்ணும். திருநாளன்று சில நாட்கள் காட்டிப் பின் பெட்டகத்தில் வைப்பதே நன்று. கதிரைத் திண்டுகளுக்கு மருதமுனைக் கைத்தறித் துணி போதும். அது உழைக்கவும் செய்யும், அழகும் தரும்.

வைக்கும்போது, கஞ்சி போடாத பழைய வெள்ளைப் பருத்தித் துணியிற் சுற்றி வைக்க. பூச்சியுருண்டை சரிகையிற் படலாகாது. மூன்று மாதத்துக்கொருமுறை மடிப்பை மாற்றுக. ஒரே மடிப்பில் நெடுங்காலம் கிடந்தால் பட்டு அங்கேயே அறும். வெல்வெட்டை மடிக்காது, மயிர்ப்பக்கம் வெளியே இருக்குமாறு உருளையிற் சுற்றுதல் வேண்டும். நனைத்தலும் அழுத்திப்பெட்டி வைத்தலும் இரண்டுக்கும் பகை.

1978 நவம்பர்ச் சூறாவளியிலும், 2009 வரை நீண்ட போர்க்கால இடப்பெயர்வுகளிலும் பெட்டகங்களை இழந்த குடும்பங்கள் நமது மாவட்டத்திற் பல. அத்தகைய இல்லத்தில் ஒரு சேலை தப்பியிருக்குமாயின், அது வெறுந்துணியன்று, அக்குடும்பத்தின் ஏடு. நேயர்களே, கத்தரிக்கோலை எடுக்குமுன் ஒரு தாளை எடுங்கள். அச்சேலையை உடுத்தவர் யார், எவ்வாண்டில் உடுத்தார் என்பதை, அறிந்த மூத்தோரைக் கேட்டு எழுதித் துணியோடு வையுங்கள். எழுதி முடித்தபின் வெட்ட மனம் வருமாயின் வெட்டுங்கள். வராது என்பதே எமது நம்பிக்கை.