ஏ.ஏ. மீட்டிங்: தேடுவது எப்படி, போனால் என்ன நடக்கும்?

சபரிமலைக்கு மாலை போட்ட ஒரு மண்டலமும் சொட்டுக்கூடத் தொடாதவர், மலை இறங்கிய வாரமே டாஸ்மாக் வாசலில் நிற்பார். குடிக்க மாட்டேன் என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவர் கெடு முடிந்த அன்றே அவிழ்த்துவிடுவார். ‘மனசு வைத்தால் முடிகிறதே, அப்புறம் என்ன திமிர்?’ என்று வீட்டில் கேட்பார்கள். மாலை போட்டிருந்த நாட்களில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். அதே விரதத்தில் இருக்கும் நாலு பேர், சாயங்காலம் போக ஓர் இடம், ‘சாமி’ என்று மரியாதையாகக் கூப்பிடும் ஊர். மாலையைக் கழற்றியதும் மூன்றும் போய்விடுகின்றன. வருடம் முழுக்க அப்படி ஒரு துணை வேண்டும் என்பவர்களுக்காக இருப்பவைதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள். சுருக்கமாக, ஏ.ஏ. மீட்டிங்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடிநோயாளிகள். குடித்தவனின் அவஸ்தை குடித்தவனுக்குத்தான் புரியும் என்று அவர்கள் கண்டதிலிருந்து பிறந்தது இந்த அமைப்பு. கட்டணம் கிடையாது. முழுப் பெயரோ முகவரியோ கேட்க மாட்டார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும், அது ஒன்றுதான் தகுதி. ‘முதலில் குடியை விட்டுவிட்டு, பிறகு போகிறேன்’ என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம். அப்படிக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

ஆனால், தினமும் அதிகமாகக் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வியர்வையும் வரும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு இல்லாத ஆள் தெரிவது, இல்லாத குரல் கேட்பது என்று மனம் குழம்பலாம். இது உயிரையே பறிக்கக்கூடிய நிலை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. மீட்டிங் மருந்துக்கு மாற்று அல்ல. மருந்து உடம்பைச் சரிசெய்த பிறகு வரும் நீண்ட நாட்களுக்குத்தான் அது கைகொடுக்கும்.

மருத்துவ உதவி எத்தனை பேரை எட்டுகிறது? மத்திய அரசு 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுப் பழக்கத்துக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றிருக்கிறார்.

இனி தேடும் வழி. மனநலப் பிரிவிலோ போதை மீட்பு மையத்திலோ இருக்கும் ஆலோசகரிடம் கேட்பதுதான் சுலபம். பக்கத்தில் எந்தக் கிழமை, எந்த இடத்தில் கூட்டம் என்று பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்திலும் பார்க்கலாம். போதை மீட்புக்கான கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. இதில் தமிழில் பேசலாம். கூட்டம் பற்றி விசாரிக்கும்போது தமிழில் நடக்குமா, எத்தனை மணிக்கு, குடும்பத்தாரும் வரக்கூடிய ‘ஓப்பன்’ கூட்டமா, குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் ‘குளோஸ்டு’ கூட்டமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பேர்பெற்ற குழு எது என்று தேடி அலைய வேண்டாம். வழக்கமாகக் கடைக்குப் போகிற நேரம் எதுவோ, அந்த நேரத்தில் நடக்கும் கூட்டமே சிறந்தது என்பேன். அந்த ஒரு மணி நேரத்தைக் கடப்பதுதான் கஷ்டம். தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்று கூச்சமாக இருந்தால், இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் குழுவுக்குப் போகலாம். முதல் கூட்டம் பிடிக்கவில்லையா? வேறு குழுவைப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி.

பள்ளி வகுப்பறை, சர்ச் ஹால் போன்ற சாதாரண இடங்களில்தான் கூடுவார்கள். ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பிப்பார். சம்பளக் கவர் வீடு வந்து சேராத மாதங்களைப் பற்றிப் பேசுவார். குறுக்கே யாரும் புத்தி சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, சும்மா கேட்டுக்கொண்டும் இருக்கலாம். கிளம்பும்போது இரண்டு பேருடைய போன் நம்பரை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். கை நடுங்கும் ராத்திரியில் கூப்பிட ஒருவர் வேண்டும். பழைய உறுப்பினர் ஒருவர் ‘ஸ்பான்சர்’ ஆக இருந்து வழிநடத்துவதும் உண்டு. நடுவில் மறுபடி குடித்துவிட்டால் ‘ஸ்லிப்’ ஆகிவிட்டது என்பார்கள். யாரும் துரத்த மாட்டார்கள், அடுத்த கூட்டத்துக்கு வந்துவிட வேண்டும்.

இதெல்லாம் பலன் தருமா? 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் அனுபவத்தைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மறுஆய்வு 2020இல் வந்தது. ஆலோசகர்கள் முறைப்படி ஏ.ஏ.யோடு இணைத்துவிட்டவர்களில், மற்ற சிகிச்சை முறைகளில் இருந்தவர்களைவிட அதிகம் பேர் குடியை அறவே தொடாமல் இருந்தார்கள் என்கிறது அது. போதை மீட்பு மையத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைச் சீட்டோடு ஒரு கூட்டத்தின் விலாசத்தையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். செலவே இல்லாத இந்த வேலையை எல்லா மையங்களும் செய்ய வேண்டும்.

உங்கள் வீட்டில் குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தால்? ‘சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் போதும், குடியை மறந்துவிடுவார்’ என்று விற்கும் மருந்துகளை நம்பாதீர்கள். குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிரம் போன்ற மாத்திரையைத் தெரியாமல் சாப்பிட்டவர் அதன் மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்குப் பதில் நீங்கள் ஒரு கூட்டத்துக்குப் போங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று 1951 முதல் அல்-அனான் என்ற தனி அமைப்பு இருக்கிறது. ஏ.ஏ. குழுவில் விசாரித்தால் வழிகாட்டுவார்கள். வீட்டில் குடிப்பவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் மனைவி, அம்மா, பிள்ளை யாரானாலும் அங்கே போகலாம். அதற்கு அவருடைய சம்மதம் தேவையில்லை.