மழை பெய்யாத ஊரில் வெள்ளம்

2024 அக்டோபர் 29 மாலை ஸ்பெயினின் பைபோர்ட்டா ஊருக்குள் வெள்ளம் புகுந்தபோது அங்கே சொல்லும்படி மழை இல்லை. வலென்சியா மாநிலத்தில் அன்றைய வெள்ளத்துக்கு 220-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். பைபோர்ட்டாவின் நடுவே செல்லும் காட்டாறு ரம்ப்ளா தெல் போயோ. ரம்ப்ளா, மணலைக் குறிக்கும் 'ரம்லா' என்ற அரபுச் சொல்லின் வழிவந்தது. ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் மணல் ஓடைக்கு அந்தப் பெயர். முன்னோர் பெயரிலேயே எச்சரிக்கையைப் பொதிந்து வைத்தார்கள் என்று சொல்லத் தோன்றும். நான் ஏற்கவில்லை. கண்ணில் பட்ட மணலைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆனால் காய்ந்த ஓடையில் வெள்ளம் வரும் விதம் அற்புதமானது. இலையில் சோற்றைப் பரப்பி ரசம் ஊற்றுங்கள். முன்னே போகும் ரசத்தைச் சோறு குடிக்கும். அது மெலிந்து தயங்கும். விடாமல் ஊற்றினால், பின்னால் வருவது நனைந்த சோற்றின் மேல் வழுக்கி வந்து அதை எட்டிப்பிடிக்கும். இரண்டும் சேர்ந்து தடித்த விளிம்பாகி இலையைத் தாண்டும். ரசம் வேண்டாமென்று கைமறித்த பக்கத்து இலைக்காரரின் மடியும் நனையும்.

ஓடையிலும் முகப்பு நீரின் ஆழம் குறைவு. தரையின் உராய்வு அதன் வேகத்தைத் தின்றுவிடுகிறது. பின்னால் வரும் ஆழமான நீருக்கு அந்தத் தடை குறைவு. அதனால் வெள்ளம் படிப்படியாக ஏறாமல் செங்குத்தான முகப்போடு வருகிறது. ஓடையின் மேல்பகுதியில், மேற்கே சீவா ஊரில் அன்று எட்டு மணி நேரத்தில் 491 மில்லிமீட்டர் கொட்டியது. அவ்வளவு மழையில் மணல் குடிப்பது சொற்பம். உராய்வும் மலைச்சரிவும்தான் முகப்பை நிமிர்த்துகின்றன. வறண்ட ஓடையில் நொடிக்கு 2,000 கன மீட்டருக்கு மேல் நீர் வந்தது. கைபேசிகளுக்கு எச்சரிக்கை போனபோது இரவு 8.11. பைபோர்ட்டா தெருக்களில் அதற்கு முன்பே தண்ணீர்.

வலென்சியாவில் அரபு ஆட்சி 1238-இல் முடிந்தது; பெயர்கள் தங்கின. ரம்ப்ளா போய்ச் சேரும் அல்புஃபேரா ஏரியின் பெயரும் அரபு 'புஹைரா'தான். அதற்காகப் பெயரை நம்பி வெள்ள வரைபடம் போட முடியாது. பார்சலோனாவின் ரம்ப்ளா இன்று மக்கள் உலாவும் வீதி. 'வாதி' என்ற அரபுச் சொல் பாலைநிலத்தில் வறண்ட ஓடையைக் குறிக்கும். அதே சொல்லில் தொடங்கும் பெயர்கொண்ட ஸ்பெயினின் குவாதல்கிவிர் ஆண்டெல்லாம் ஓடும் பேராறு.

வலென்சியா நகரின் மையம் தப்பியதற்குக் காரணம் கால்வாய். 1957 வெள்ளத்துக்குப் பிறகு துரியா ஆற்றை நகரத்துக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். பைபோர்ட்டா அந்தப் புது ஆற்றுக்கும் தெற்கே இருக்கிறது.