ஒரு தலைப்பும் விடுபடாமல்

தமிழ் விக்கிப்பீடியாவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. எழுத்துப்பிழைத்திருத்தி ஒன்றை உருவாக்குகிற ஒருவருக்கு அவற்றின் தலைப்புகள் மொத்தமும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நிரல்கள் தரவு கேட்பதற்கான வழியான விக்கிப்பீடியாவின் ஏபிஐ, சாதாரணப் பயனருக்கு ஒரு தடவைக்கு 500 தலைப்புகள்தான் தரும். அப்படியானால் முந்நூறு தடவைக்கு மேல் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எங்கே விட்டோம் என்று சர்வரிடம் எப்படிச் சொல்வது?

‘முதல் 500-ஐத் தள்ளிவிட்டு அடுத்த 500 கொடு’ என்று கேட்கலாம். இதை ஆஃப்செட் என்பார்கள். முதல் 500 வந்து சேர்ந்ததும் அவற்றில் ஒரு கட்டுரையை யாரோ நீக்கிவிடுகிறார். 501-ஆவதாக இருந்தது 500-ஆவது இடத்துக்கு ஏறிவிடுகிறது. நாம் 500-ஐத் தள்ளச் சொல்லும்போது அதுவும் சேர்ந்து போய்விடும். பிழைச் செய்திகூட வராது. புதுக் கட்டுரை நுழைந்தாலோ, வாங்கிய தலைப்பே மறுபடி வரும். இரட்டித்ததைக் களைந்துவிடலாம், விடுபட்டதை எதை வைத்துத் தேடுவது? போதாக்குறைக்கு, ஒரு லட்சத்தைத் தள்ள தரவுத்தளம் அந்த லட்சத்தையும் கடந்துதான் வந்தாக வேண்டும்.

அதனால் விக்கிப்பீடியா இங்கே கர்சர் முறையைப் பின்பற்றுகிறது. 500 தலைப்புகளோடு ‘கன்டினியூ’ என்றொரு சிறு பகுதியும் பதிலில் வரும். அடுத்து வரவேண்டிய தலைப்பு அதில் இருக்கும்; அதுதான் கர்சர். ‘தஞ்சாவூர்’ என்று இருந்தால், அதை அப்படியே அடுத்த கோரிக்கையில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். தலைப்புகள் ஏற்கெனவே வரிசைப்படுத்தி வைக்கப்பட்டிருப்பதால் சர்வர் நேராக அந்த இடத்துக்கே போய்விடும். ‘அ’ பகுதியில் எது நீங்கினாலும் நம் இடம் நகராது. இடையில் தஞ்சாவூர் கட்டுரையே நீக்கப்பட்டாலும் அதற்கடுத்த தலைப்பிலிருந்து பட்டியல் தொடரும். நாம் கடந்துவிட்ட பகுதியில் புதிதாகச் சேர்ந்தது மட்டும் வராது. அதற்கு ‘அண்மைய மாற்றங்கள்’ பட்டியல் இருக்கிறது.

தலைப்புகளின் இந்த வரிசை யூனிகோடு வரிசை. நம் அகராதிகளில் கடைசியில் நிற்கும் ‘ன’ இதில் ‘ந’வுக்கு அடுத்தே வந்துவிடும். அதனால் பாதகமில்லை. வரிசை மாறாமலும், எந்த இரண்டும் ஒரே இடத்தில் நிற்காமலும் இருந்தால் போதும். தேதிப்படி அடுக்கும் ஏபிஐகளில் ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் விழக்கூடும் என்பதால் அடையாள எண்ணையும் கர்சரில் சேர்ப்பார்கள்.

கர்சரை வைத்துக்கொண்டு இருநூறாவது பக்கத்துக்குத் தாவ முடியாது. முழுவதையும் எடுக்க வந்தவருக்கு அது ஒரு குறையே இல்லை. அவர் கவனிக்க வேண்டியது வேறு: 500-க்குக் குறைவாக வந்துவிட்டதே என்று நிரலை நிறுத்திவிடக் கூடாது. சில வடிகட்டல்களில் ஒரு தலைப்புகூட இல்லாமல் ‘கன்டினியூ’ மட்டும் வரும். அந்தப் பகுதி பதிலில் இல்லாமல் போகும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.